கள்ளனின் பெயரில் ஒரு பாடசாலை

சாச்சாவின் மகன் சிட்னிக்குப் போய்ப் பதினெட்டு வருடங்களாகின்றன. சென்ற விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பின் திண்ணையிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது கதை பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பியது. அவருடைய மகள் ஒரு பாடசாலையின் நுழைவுப் பரீட்சைக்காக இரண்டு வருடங்களாகத் தனியார் வகுப்புக்குப் போகிறாளாம். நமது ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் படும் பாடுதான் அங்கும். பரீட்சைப் பெறுபேறுகளில் அந்த மாநிலத்தின் முன்வரிசையில் நிற்கும் அரசாங்கப் பாடசாலை அது. பெயர், ஜேம்ஸ் றூஸ் விவசாய உயர்தரப் பாடசாலை.

“யார் அந்த ஜேம்ஸ் றூஸ்? பெரிய விஞ்ஞானியா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இல்ல காக்கா, அவர் ஒரு கள்ளன்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் பாயில் படுத்த பிறகு அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு பாடசாலை, அதன் வாசலில் ஒரு கள்ளனின் பெயர். இருபத்துச் சொச்சம் வருடங்களாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் எனக்கு அது ஏன் அப்படித் தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மனிதரைச் சொல்ல வேண்டும். தம்பி திரும்பிப் போனதும் அனுப்பிவைத்தவற்றையும் நானாகத் தேடி எடுத்தவற்றையும் வாசித்து அறிந்துகொண்டவை இவை.

ஜேம்ஸ் றூஸ் 1759இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வோலில், லோன்செஸ்டன் என்ற சிறு பட்டினத்துக்கு அருகே பிறந்தவர். சொந்த நிலமில்லாத, பிறர் வயலில் கூலிக்கு உழைத்த ஆள். 1782இல் ஒரு வீட்டை உடைத்துப் புகுந்து இரண்டு வெள்ளி மணிக்கூடுகளைத் திருடினார் என்று போட்மின் நகரில் கூடிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் குடியிருக்கும் வீட்டில் 40 சில்லிங் பெறுமதியான பொருளை எடுத்தாலே தூக்குத்தான். வீடுடைப்பு அதைவிடப் பெரிய குற்றம். அவருக்கும் மரண தண்டனை எழுதப்பட்டுப் பின்னர் ஏழு வருட நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

எங்கே கடத்துவது என்பதில்தான் சிக்கல். அதுவரை கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி வந்தார்கள். 1775இல் அங்கே போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. ஓடுவதற்குதவாத பழைய கப்பல்களைத் துறைமுகங்களில் நங்கூரமிட்டு அவற்றுக்குள் கைதிகளை அடைத்தார்கள். றூஸை முதலில் ஆபிரிக்காவுக்கு அனுப்புவதாகவே தீர்ப்பு. அது நடக்கவில்லை. பிளிமத் துறைமுகத்தில் நின்ற ‘டன்கேர்க்’ என்ற கப்பற்சிறையில் ஏறத்தாழ ஐந்து வருடங்கள் கழிந்தன. விதைப்பும் அறுப்பும் தெரிந்த ஒருவன், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஒரு பிடி மண்ணைக் கையால் தொடாமல் ஐந்து போகங்களைக் கழித்திருக்கிறான். சட்டம் விதித்த ஏழு வருடத்தில் இதுவும் அடங்கும்.

1787 மே 13ஆந் திகதி பதினொரு கப்பல்கள் போட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்டன. ‘ஸ்கார்பறோ’ என்ற கப்பலில் இருநூறு வரையான ஆண் கைதிகளுக்குள் றூஸும் ஒருவர். எட்டு மாதக் கடற்பயணத்தின் பின் 1788 ஜனவரியில் இன்றைய சிட்னியில் இறங்கினார்கள்.

இறங்கிய இடத்தில் பசி காத்திருந்தது. கொண்டுவந்த விதைகளிற் பல கடற்பயணச் சூட்டில் பழுதாகிவிட்டன. மண் கல்லும் மணலுமாக இருந்தது. பருவங்களோ தலைகீழ், இங்கிலாந்தில் மாரியாக இருக்கும்போது அங்கே கோடை. ஆயிரம் பேரளவில் வந்திறங்கிய அந்தக் கூட்டத்தில் தச்சு வேலை தெரிந்தவர் சிலர், சட்டைப்பை அறுக்கத் தெரிந்தவர் பலர். மண்ணைத் தெரிந்தவர் வெகு சொற்பம். 1789 டிசம்பரில் உணவு ஏற்றி வந்த ‘கார்டியன்’ கப்பல் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் ‘சிரியஸ்’ என்ற கப்பலும் நோர்போக் தீவில் உடைந்து போனது. கைதிக்கும் காவலனுக்கும் பங்கீட்டுச் சாப்பாடு வெட்டப்பட்டது. பட்டினி வந்துவிட்டால் தீர்ப்பு எழுதியவனின் வயிறும் தீர்ப்புப் பெற்றவனின் வயிறும் ஒன்றுதான்.

இந்தப் பஞ்சத்துக்கு நடுவேதான் 1789 ஜூலையில் றூஸ் தேசாதிபதி ஆர்தர் பிலிப்பிடம் போய், என் ஏழு வருடம் முடிந்துவிட்டது, எனக்கு நிலம் தாருங்கள், நான் விவசாயம் தெரிந்தவன் என்று கேட்டார். தேசாதிபதிக்குத் தர்மசங்கடம். கைதிகளின் தண்டனைப் பத்திரங்கள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. இவர் சொல்வது உண்மையா என்று பார்க்க வழியில்லை. ஆனாலும் அவர் ஒரு காரியம் செய்தார். உறுதி எழுதிக் கொடுக்காமல், பரமட்டாவில், அன்றைய பெயரில் றோஸ் ஹில்லில், ஒரு துண்டுக் காட்டைக் காட்டினார். ஒன்றரை ஏக்கரளவு வெட்டித் துப்புரவாக்கவும் ஒரு குடிசை போடவும் ஏற்பாடு செய்தார். விதையும் ஆயுதங்களும் சில கால்நடைகளும் கொடுத்தார். ஒரு மனிதனால், இந்த மண்ணில், எவ்வளவு காலத்தில் தன் வயிற்றைத் தானே கழுவ முடியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அந்த இடத்துக்கே ‘பரிசோதனைப் பண்ணை’ என்று பெயர் விழுந்தது. பரிசோதிக்கப்பட்டது மண் மட்டுமல்ல.

1790 நவம்பரில் வொட்கின் டென்ச் என்ற கடற்படைக் கப்டன் அந்தப் பண்ணையைப் பார்க்கப் போனார். றூஸ் சொன்னவற்றை அவர் எழுதி வைத்து, 1793இல் வெளிவந்த தன் நூலில் சேர்த்திருக்கிறார். நான் வாசித்தவற்றில் என்னை இருத்தி வைத்த பக்கம் அதுதான்.

விழுத்திய மரங்களை அந்த இடத்திலேயே எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்திக் கலந்தாராம். பிறகு மண்வெட்டியால் கொத்து. ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சினால் ஒன்பது பேர்ச்தான். அதற்கு மேல் போவதில்லை. அரசாங்கப் பண்ணையில் நடப்பதுபோல மேலாகச் சுரண்டிவிட்ட வேலையல்ல தன்னுடையது என்று சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு செருக்கு. கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, முடிந்தவரை காற்றும் வெயிலும் படக் கிடக்கவிட்டு, விதைப்பதற்குச் சற்று முன்னர் மீண்டும் ஒருமுறை புரட்டிப் போட்டிருக்கிறார். வைக்கோலையும் அழுகக்கூடிய எல்லாவற்றையும் குழியில் போட்டு எருவாக்குவேன் என்கிறார். மண் எப்படி என்று கேட்டதற்கு, நடுத்தரம், நல்லதுமில்லை கெட்டதுமில்லை, எரு போட்டால் விளைய வைப்பேன், ஆனால் மாடில்லாமல் இது நிலைக்காது என்று பதில் சொல்லியிருக்கிறார்.

எனது வாப்பாவும் வயற்காரர்தான். யாராவது பெரியவர் வட்டைக்குள் வந்து வரம்பில் நின்று மண் எப்படி என்று கேட்டால் அவரும் இப்படித்தான் பதில் சொல்வார். புகழவும் மாட்டார், பழிக்கவும் மாட்டார். அந்தப் பக்கத்தை வாசித்தபோது இருநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலேயன் என்ற எண்ணம் எனக்கு விட்டுப் போயிற்று.

உதவிக்கு யார் என்றால் மனைவி மட்டுந்தான். எலிசபெத் பெரி என்ற கைதிப் பெண்ணை 1790 செப்டெம்பரில் மணம் முடித்திருந்தார். உழைப்பாளி என்று அவளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறார். கடைசியில் தன் பெரிய மனக்குறை ஒன்றைக் கப்டனிடம் முறையிடுகிறார். எவ்வளவு விழித்திருந்து காவல் காத்தாலும், கைதிகள் வந்து அநேகமாக ஒவ்வோர் இரவும் களவெடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

இந்த இடத்தில் சிரிப்பு வரத்தான் செய்யும். மணிக்கூடு திருடியவன் கள்ளரைப் பற்றி முறையிடுகிறான். ஆனால் சற்று நின்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். வீடு உடைத்த றூஸும், இராவில் விழித்திருந்து விளைச்சலைக் காத்த றூஸும் ஒரே ஆள். எட்டு வருடமும் ஒன்றரை ஏக்கர் மண்ணும்தான் இடையில் நின்றவை. இழப்பதற்கு ஏதாவது இருப்பவனுக்குத்தான் களவு என்ற சொல்லின் முழு எடையும் தெரியும்.

1791 பெப்ரவரியில் இனி எனக்கு அரசாங்கக் களஞ்சியத்துச் சாப்பாடு வேண்டாம் என்று அவரால் சொல்ல முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் 30 ஏக்கருக்கு உறுதி கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸில் எழுதிக் கொடுக்கப்பட்ட முதற் காணி உறுதி அது.

ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசிப்புப் புத்தகமாக இருந்தால் கதையை இங்கே முடித்து, முயற்சி திருவினையாக்கும் என்று கீழே போட்டிருப்பார்கள். வாழ்க்கை அப்படி முடியவில்லை. 1793 ஒக்டோபரில் அந்த நிலத்தை ஜோன் ஹரிஸ் என்ற இராணுவ வைத்தியருக்கு 40 பவுணுக்கு விற்றுவிட்டார். அடுத்த வருடம் ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் குடியேறிய முதல் இருபத்திரண்டு பேரில் ஒருவரானார். அது வண்டல் மண், ஆனால் வெள்ளம் குடிக்கும் பூமி. 1799, 1806, 1809 என்று அந்த ஆறு பெருகிய வருடங்கள் குடியேற்றக்காரரின் ஏடுகளில் கறுப்பு வருடங்கள். பணமும் நிலமும் றூஸின் கையில் நிலைக்கவில்லை. 1828ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவரைத் தேடினால், லோவர் மின்டோ என்ற இடத்தில் வேறொரு முதலாளியின் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பிறர் நிலத்தில் தொடங்கி, முதல் உறுதிக்காரராகி, மறுபடியும் பிறர் நிலத்துக்கே வந்து சேர்ந்த சீவியம். வட்டை வழியே போய் வருகிறவர்களுக்கு இது புதிய கதையல்ல. காணி கிடைப்பது ஒன்று, அது கையில் நிற்பது இன்னொன்று.

இன்னொரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் வாசித்ததில் பாதியை ஒளித்தவனாவேன். அந்த 30 ஏக்கரும் யாருடையவை?

பரமட்டா என்ற பெயரே அந்த மண்ணின் மக்களுடைய சொல். விலாங்குகள் கிடக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் பரமட்டகல் என்று தம்மை அழைத்த மக்கள். அவர்களிடம் எவரும் விலைக்குக் கேட்கவில்லை, உடன்படிக்கை எழுதவில்லை. மன்னரின் பெயரால் பிலிப் உறுதி எழுதினார், அவ்வளவுதான். ஹோக்ஸ்பரி ஆற்றுக்கும் டைரபின் என்ற பெயர் முன்பே இருந்தது. அதன் கரைகளில் விளைந்த காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டித் தின்று டரக் மக்கள் வாழ்ந்து வந்தார்கள். குடியேறியவர்கள் அந்தக் கரைகளைக் கொத்திச் சோளம் விதைத்தார்கள். கிழங்கு போயிற்று. கிழங்கு இருந்த இடத்தில் சோளம் நின்றது. அவர்கள் வந்து சோளத்தை முறித்துக்கொண்டு போனார்கள். அதற்கு வைக்கப்பட்ட பெயர் களவு. 1795இல் அங்கே பட்டாளம் அனுப்பப்பட்டது. ஆட்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1804இல் அப்போதைய தேசாதிபதி கிங் அந்த மக்களில் சிலரை அழைத்துக் காரணம் கேட்டபோது, ஆற்றங்கரையில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச இடத்தையாவது எங்களுக்கு விட்டுவிடுங்கள், எங்கள் சாப்பாடு அங்கேதான் இருக்கிறது என்றார்களாம். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது என்று கிங்கே எழுதியிருக்கிறார்.

இரண்டு மணிக்கூடுகளை எடுத்தவனுக்குத் தூக்குக் கயிறு காட்டிய அதே முடி, ஒரு கண்டத்தை எடுத்தபோது அதற்குக் குடியேற்றம் என்று பெயர் வைத்தது. அந்த மண் எவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை என்ற சட்டக் கற்பனையை அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரிக்க 1992ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. நமக்கும் இந்த வித்தை தெரியாததல்ல. இதே முடியின் ஆட்சியில் 1840இல் நமது நாட்டில் வந்த காணிச் சட்டம், பயிரிடப்படாத, ஆளில்லாத நிலமெல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை அரசுக்குரியது என்றது.

இதற்காக நான் றூஸை வெறுக்கவில்லை. அவர் சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர். 1788க்கும் 1868க்கும் இடையில் அப்படிக் கொண்டுவரப்பட்ட ஒரு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் முதற் கப்பற்கூட்டத்து ஆள். வறியவனின் கையாலேயே இன்னொரு வறியவனின் நிலத்தைப் பறிப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம். நான் கவனித்தது இவ்வளவுதான்: கள்ளன் என்ற சொல் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது களவு அல்ல. அந்தச் சொல்லைக் கையில் வைத்திருப்பவன் யாரோ அவன்தான்.

ஒரு காலத்தில் அந்தச் சொல் என் கையில் இருந்தது.

2002ஆம் ஆண்டு. பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறி முதல் நியமனம் பெற்ற புதிது. எட்டாம் வகுப்பு. ஒரு பையன் புதிதாகக் கொண்டுவந்த கொம்பாஸ் பெட்டி காணாமற் போனது. நான் எல்லாப் பைகளையும் கொட்டச் சொன்னேன். அது ஒரு கூலிக்காரரின் மகனுடைய பையிலிருந்து விழுந்தது. வகுப்பில் கணக்குப் படத்தை எல்லோரிலும் நேர்த்தியாகக் கீறுகிறவன் அவன். ஒரு பழைய அடிமட்டத்தையும் நூலில் கட்டிய பென்சிலையும் வைத்துக்கொண்டு வட்டம் போடுவான். பிள்ளை செய்த பிழையைக் கண்டி, பிள்ளையைக் கண்டிக்காதே என்று கல்வி உளவியற் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதிச் சித்தியடைந்தவன் நான். அடுத்த நாட் காலைக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தி, “இவன் கள்ளன். பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

அவன் அழவில்லை. சப்பாத்தில்லாத தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கிழமை முதல் பாடசாலைக்கு வரவில்லை. வரவு இடாப்பில் சில காலம் சிவப்புக் கோடுகள் நீண்டன. பிறகு பெயரை வெட்டினோம். களவுக்கு அவன் பெற்ற தண்டனை ஏழு வருடமல்ல. படிப்பு முழுவதும்.

இந்த வருட ஆரம்பத்தில் ஆறாந்தர அனுமதிக்கு வந்த வரிசையில் அவன் நின்றான். கூடவே மகள். முப்பத்தைந்தைத் தாண்டிய ஆள், வெயிலில் கறுத்த கழுத்து. “சேர், சுகமா?” என்றான். மகளின் பையை மேசையில் வைத்துத் திறந்து, அதிலிருந்து ஒரு புதிய கொம்பாஸ் பெட்டியை எடுத்து எனக்குக் காட்டினான்.

“எல்லாம் வாங்கிக் குடுத்திருக்கன் சேர். புள்ளைக்கு ஒண்டும் கொற இல்ல.”

அவன் அதைக் குத்திக் காட்டச் சொன்னானா, மகளுக்காக மன்றாடிச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் எதுவும் இல்லை. எனக்கு வாய் திறக்கவில்லை. படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினேன். தகப்பனின் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

“விவசாயம் எண்டு போடுங்க சேர். குத்தகைக்கு மூணு ஏக்கர் செய்றன்” என்றான்.

றூஸ் 1837 செப்டெம்பரில் இறந்து கெம்பல்டவுனில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் உள்ள வாசகத்தைத் தானே செதுக்கி வைத்தார் என்று சொல்கிறார்கள். எழுத்துப் பிழைகள் நிறைந்த சில வரிகள். தாய் தன்னை அன்போடு வளர்த்ததையும், இந்த நாட்டில் முதல் தானியத்தை விதைத்தவன் தான் என்பதையும் அவை சொல்கின்றன. மணிக்கூட்டைப் பற்றியோ நீதிமன்றத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. தன்னை என்ன பெயரால் அழைக்க வேண்டும் என்று அந்த மனிதர் தாமே எழுதிவிட்டுப் போனார். நூற்றிருபது வருடத்துக்குப் பின், 1959இல், ஒரு பாடசாலை அதை ஏற்றுக்கொண்டது. பிழை திருத்துவதே தொழிலாகிப் போன எனக்கும் அந்த வரிகளில் சிவப்பு மை வைக்க மனம் வராது.

அனுமதிப் படிவத்தில் விவசாயம் என்று எழுதினேன். அதற்கு மேல், தகப்பனின் பெயர் என்ற இடத்தில், அவனுடைய முழுப்பெயரையும் எழுதினேன். இடாப்பிலிருந்து வெட்டிய பிறகு அந்தப் பெயரை என் கையால் எழுதுவது அதுதான் முதல் தடவை.

அவன் இந்தச் சஞ்சிகையை வாசிக்கப் போவதில்லை. ஆகவே இதை எழுதியதோடு என் கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காலைக் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல் அது. அவனுடைய வளவுக்குப் போய், நாலு பேர் முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். அறுப்பு முடியட்டும் என்று நாட்களைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அறுப்பும் முடிந்துவிட்டது.